வாரேன் என்று சொல்லிப் போனவர்கள்

திருச்சுழி
14 ஜூன் 2025

அக்கா,

உன் கடிதம் மாரிக்கனி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் என் கையில் திணித்தாள். "உங்கக்கா கையெழுத்து இன்னும் கோழி கிண்டுன மாதிரிதான்டி இருக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. புத்தகத்துக்குள் ஒளித்துக்கொண்டேன்.

அப்பா குறட்டை விட ஆரம்பித்த பிறகு அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். குறட்டை நின்றால் என் பேனாவும் நிற்கும். அதனால் எழுத்து விட்டு விட்டு இருந்தால் மன்னித்துக்கொள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் மேல் கோபம் தீரவில்லை. நவீன் மச்சானோடு போகப்போவதை எனக்கு மட்டுமாவது நீ சொல்லியிருக்கலாம். ஒரே பாயில் படுத்திருந்தோம். அன்று காலை என் தலையை வழக்கத்தைவிட இறுக்கமாகப் பின்னிவிட்டாய். சாயங்காலம் வீடு முழுக்க அழுகை. அந்தப் பின்னலை நான் இரண்டு நாள் அவிழ்க்கவே இல்லை.

நீ போன இந்த இரண்டு வருடமாக இங்கே இங்கிலீஷ் பேச்சே கூடாது. "அருப்புக்கோட்டை இங்கிலீசு கிளாசுக்கு அனுப்புனேன் பாரு, என்னையச் செருப்பால அடிக்கணும்" என்றார் அப்பா. அங்கேதானே நீயும் மச்சானும் பழகினீர்கள். அதனால் குற்றவாளி இங்கிலீஷ்தான். பரீட்சைக்கு எழுதலாம், வாய்விட்டுப் படிக்கக் கூடாது. பாடப்புத்தகத்தைக்கூட மனதுக்குள்தான் படிக்கிறேன். உன் துணிமணியையும் அந்தக் கிளாஸ் தாள்களையும் குப்பையில் போடச் சொன்னார். துணியை அம்மா ஒளித்தாள். தாளை நான் ஒளித்தேன்.

அந்தத் தாள்களை வைத்துத்தான் படித்தேன் அக்கா. கிரிக்கெட் போட்டால், தமிழ் வர்ணனை நம்ம டிவி பேக்கில் இல்லை என்று அப்பாவிடம் பொய் சொல்லி, இங்கிலீஷிலேயே ஓட விடுவேன். அவர் ஸ்கோர் பார்ப்பார். நான் காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன்.

ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் உன்னை இன்னும் நிரந்தரமாக்கவில்லை, இங்கிலீஷ் சரளமாக வந்தால்தான் ஆக்குவார்கள் என்று எழுதியிருக்கிறாய். நீ அனுப்பிய வாக்கியங்களைத் திருத்தி வைத்திருக்கிறேன். 'வாட் இஸ் யுவர் குட் நேம்' என்று கேட்காதே. கெட்ட பெயர் என்று ஒன்று தனியாக இருக்கிறதா என்று நினைப்பார்கள். 'மே ஐ ஹேவ் யுவர் நேம்' போதும். 'மேரீட் வித் நவீன்' இல்லை, 'மேரீட் டு நவீன்'. 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'அபவுட்' வராது. ஏன் என்று கேட்காதே. நாம் 'பஸ்ஸுக்கு நிக்கேன்' என்று சொல்வதற்குக் காரணம் கேட்டால் உனக்குத் தெரியுமா?

கடைசியாக எழுதியிருந்ததற்கு என்ன பதில் சொல்ல? உனக்கு ஐந்தாம் மாதம். ஆவணியில் ஏழாம் மாதம். அம்மா கையால் நம் வீட்டில் வளையல் போட்டுக்கொள்ள வரலாமா, அப்பாவிடம் கேட்டுச் சொல் என்கிறாய். அவர் முன்னால் உன் பெயரைக்கூட நாங்கள் யாரும் சொல்வதில்லை. நானா கேட்பேன்?

குறட்டை நின்றுவிட்டது. முடிக்கிறேன்.

தங்கமாரி


கோயம்புத்தூர்
24 ஜூன் 2025

அடியே தங்கமாரி,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் கழிவறைக்குள் நின்று படித்தேன். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. வாந்தி என்று நினைத்து எலுமிச்சைச் சாறு வாங்கிக் கொடுத்தார்கள். லாபம்தான்.

பின்னலை இறுக்கியது வேண்டுமென்றே இல்லை. கை நடுங்கியதால் இழுத்து இழுத்துப் பின்னினேன். உன்னிடம் ஏன் சொல்லவில்லை தெரியுமா? சொல்லியிருந்தால் அப்பா கேட்கும்போது நீ தெரியாது என்று பொய் சொல்ல வேண்டியிருக்கும். உனக்குப் பொய் சொன்னால் காது சிவக்கும். அடி உனக்குத்தான் விழுந்திருக்கும். இதை நியாயம் என்று சொல்லவில்லை. இதுதான் நடந்தது.

நீ திருத்தியதை எல்லாம் அட்டையில் எழுதி மேஜைக்குள் ஒட்டிவிட்டேன். ஆனால் ஒன்று மட்டும் வாயை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. ஆட்கள் கிளம்பும்போது 'கோ அண்ட் கம்' என்று சொல்லிவிடுகிறேன். ஒருவரைப் பார்த்துப் 'போங்க' என்று எப்படிச் சொல்வது? அதுவும் ஆஸ்பத்திரியில்? நேற்று பாலக்காட்டுப் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். அவர் மலையாளத் தமிழில், "ஏன் மோளே, நான் திரும்பவும் சீக்காகி வரணும்னு வேண்டிக்கிறாயா?" என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மேலாளர் ப்ரியா மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

நம்ம பக்கம் யாராவது 'போறேன்' என்று சொல்லி வாசலைத் தாண்டுவார்களா? எனக்கு அது உடம்பில் ஊறிவிட்டது. அன்றைக்குக்கூட அப்பாவிடம், "போயிட்டு வாரேன்ப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். டிராக்டர் டயருக்குக் காற்று இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே "சரி தாயி" என்றார். இப்போதும் சில நேரம் தூக்கத்தில் அந்தச் 'சரி தாயி' கேட்கிறது.

ஏழாம் மாத விஷயத்தை நீ கேட்க வேண்டாம். உன்னிடம் கேட்கச் சொன்னதே என் சுயநலம். மச்சானும் திட்டினார்.

ஆனால் கேட்டால் நன்றாக இருக்கும்.

அமுதவள்ளி


திருச்சுழி
6 ஜூலை 2025

அக்கா,

கிளம்புகிறவர்களிடம் 'டேக் கேர்' என்று சொல். இங்கிலீஷ்காரர்கள் ஊரில் போவதைப் போவது என்று சொன்னால் யாருக்கும் பகீர் என்று ஆகாது. நமக்குத்தான் ஆகும். பழகிக்கொள்.

நேரம், நாள், மாதம் இவற்றுக்கு முன்னால் எந்தச் சொல்லைப் போடுவது என்று குழம்புவதாக முந்தைய கடிதத்தில் எழுதியிருந்தாய். இப்படி வைத்துக்கொள். 'அட்' என்பது ஆணி, 'ஆன்' என்பது பலகை, 'இன்' என்பது பெட்டி. மணியை ஆணியில் மாட்டு. கிழமையைப் பலகையில் வை. மாதத்தைப் பெட்டிக்குள் போடு. பஸ்ஸுக்கு ஆன், ஆட்டோவுக்கு இன். அருப்புக்கோட்டை பஸ்ஸில் நின்றுகொண்டுதானே போகிறோம். எழுந்து நிற்க முடிந்தால் ஆன். ஆட்டோவில் தலையைக் குனிந்து ஏற வேண்டும், அதனால் இன். இது புத்தகத்தில் இல்லை. நானாகக் கண்டுபிடித்தது.

இப்போது ஒரு வேடிக்கை. வேடிக்கையா, என்ன என்று எனக்கே தெரியவில்லை.

குமாரலிங்கபுரம் பக்கம் ஒரு கட்டட வேலைக்கு அப்பா டிராக்டரில் தண்ணீர் டேங்கர் இழுக்கிறார். அங்கே புதிதாக ஒடிசாக்காரர் ஒருவர் சூப்பர்வைசராக வந்திருக்கிறார். தமிழ் ஒரு சொல் தெரியாது. இந்தி பேசுகிறார், இல்லாவிட்டால் இங்கிலீஷ். போன வாரம் நம் டிராக்டர் பாதி வழியில் நின்றுவிட்டது. அப்பா போனில், "டிராக்டர் ஸ்லீப்பிங் சார்" என்றிருக்கிறார். அவர், "அப்படியென்றால் எழுப்புங்கள்" என்று சொல்லிச் சிரித்தாராம்.

அன்று ராத்திரி அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மாவிடம் கேட்டார்.

"ஏ வெள்ளத்தாயி, வண்டி படுத்துக்கிருச்சுன்னு அவிங்க பாசையில எப்பிடிச் சொல்லுவாக?"

"என்னையக் கேட்டா? இந்த வீட்டுல அந்தப் பேச்சே கூடாதுன்னது யாரு?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேட்டா எனக்கும் சும்மாதான் தெரியும்."

அக்கா, 'ப்ரோக் டவுன்' என்பது என் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால், இவளுக்கு எப்படித் தெரியும் என்று ஆகும். பள்ளிக்கூடத்தையே நிறுத்திவிடுவார். குனிந்து ரசத்தைக் குடித்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கேட்கிறாரோ என்று இருந்தது. கேட்கவில்லை.

ஏழாம் மாதம் பற்றி அம்மாதான் பேச்செடுத்தாள். "பக்கத்து வீட்டு ரத்தினம் மகளுக்கு வளையல் போடுறாக" என்று ஆரம்பித்தாள். அப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டார். அம்மா அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

தங்கமாரி


கோயம்புத்தூர்
15 ஜூலை 2025

தங்கம்,

இது சின்னக் கடிதம். கால் வீங்கியிருக்கிறது.

நீ வாயைத் திறக்காதே. அவருக்கு இங்கிலீஷ் தேவைப்பட்டால் அவரே கற்றுக்கொள்ளட்டும். டிராக்டரை எழுப்பட்டும், தாலாட்டட்டும். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அந்தப் பேச்சு வேண்டும், அதைப் பேசிய மகள் மட்டும் வேண்டாமா?

உன் படிப்பு நின்றால் அந்தப் பாவமும் என் தலையில்தான் விழும். ஏற்கெனவே சுமக்கிறது போதும். ஆவணியில் இங்கேயே மச்சானுடைய அக்கா ஜெப ஷீலா வளையல் போட்டுவிடுகிறாளாம். ஜெபம் பண்ணி, கேக் வெட்டுவார்கள். நன்றாகத்தான் இருக்கும். அம்மாவிடம் சொல்லிவிடு, எதிர்பார்க்க வேண்டாம் என்று.

'டேக் கேர்' வந்துவிட்டது. ஆனால் சொல்லும்போதெல்லாம் மனதுக்குள் 'போயிட்டு வாங்க' என்றும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன். அதற்கு யாரும் மதிப்பெண் குறைக்க முடியாதல்லவா?

அமுதவள்ளி


திருச்சுழி
3 ஆகஸ்ட் 2025

அக்கா, அக்கா, அக்கா,

நீ சொன்னதைக் கேட்கவில்லை. வாயைத் திறந்துவிட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். வெள்ளிக்கிழமை அந்தக் கட்டடத்தில் புதிதாகப் போட்ட மேல்தளக் கான்கிரீட் காய்ந்து வெடிக்காமல் நனைக்க அப்பா சாயங்காலம் ஒரு டேங்கர் இறக்கிவிட்டு வந்தார். நேற்றுக் காலை போனபோது வாசலிலேயே தடுத்து, வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. பகல் முழுக்க வேப்ப மரத்தடியில் டிராக்டர் மேலேயே உட்கார்ந்திருந்தார். இந்த வெயிலில், இந்த வறட்சியில், வேறு யார் நிரந்தரமாகத் தண்ணீர் வாங்கப்போகிறார்கள்?

சாயங்காலம் அவரே சூப்பர்வைசருக்குப் போன் போட்டார். அந்தப் போனில் காதில் வைத்தால் கேட்காது, ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். அந்தப் பக்கம் ஒரே சத்தம். 'நீ சொன்னாய், நீ சொன்னாய்' என்று திரும்பத் திரும்ப வந்தது. அப்பா "சார், சார், நோ சார், குட் வாட்டர் சார்" என்றார். தண்ணீர் நன்றாக இல்லை என்று கோபப்படுகிறார் என்று நினைத்துவிட்டார். அவர் நெற்றியெல்லாம் வியர்வை. எவர் முன்னாலும் நிமிர்ந்து நிற்கிற மனிதர் அக்கா. போனுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. எழுந்து போய்ப் போனை வாங்கிக்கொண்டேன்.

நான் கோட்டைச்சாமியின் மகள், என்ன நடந்தது என்று மெதுவாகச் சொல்லுங்கள் என்றேன். இங்கிலீஷில். முழுசாக. இந்த வீட்டு நடுவில் நின்றுகொண்டு. அம்மா அடுப்படி வாசலில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அவர் சொன்னார். வெள்ளிக்கிழமை இன்னொரு டேங்கர் தேவையா என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். அதற்குள் அப்பா கிளம்பும்போது 'ஐ கோ அண்ட் கம் சார்' என்றிருக்கிறார். சரி, இன்னொன்று கொண்டுவரப் போகிறார் என்று நினைத்து, இருட்டும் வரை ஆட்களை வீட்டுக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்திருக்கிறார். தளம் காய்ந்துகொண்டே இருந்ததாம். ஆட்கள் இவரைத் திட்டினார்களாம். உன் அப்பா வாக்குக் கொடுத்துவிட்டு வரவில்லை என்றார்.

உன் பாலக்காட்டுப் பெரியவர் ஞாபகம் வந்தார்.

சார், அது வாக்கு இல்லை, அது எங்கள் ஊர் விடைபெறும் முறை என்றேன். எங்கள் பக்கம் யாரும் போகிறேன் என்று சொல்லிக் கிளம்ப மாட்டார்கள். திரும்பாதவர்கள்தான் போவார்கள். அதனால் ஒவ்வொரு தடவையும் போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வோம், அப்பா உங்களிடம் மரியாதையாக விடைபெற்றிருக்கிறார் என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். எங்கள் ஊரிலும் அப்படித்தான் அம்மா, வருகிறேன் என்று சொல்லாமல் என் தாய் என்னை வாசல் தாண்ட விடமாட்டாள், எனக்கு இது தோன்றாமல் போய்விட்டதே என்றார். திங்கட்கிழமை வண்டியை அனுப்பச் சொன்னார். 'ஆன் மண்டே' என்றார். பலகை!

போனை வைத்த பிறகுதான் பயம் வந்தது. அதுவரை எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. மொத்தமாக வந்தது. கன்னத்தில் அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இதை எங்க படிச்ச?" என்றார் அப்பா.

"அக்கா விட்டுட்டுப் போன தாளுல."

போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "அந்தாளு எதுக்குக் கத்துனான்?" என்று கேட்டார்.

"நீங்க வாரேன்னு சொல்லிட்டு வரலைன்னுப்பா. இருட்டுற வரைக்கும் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருந்தாராம்."

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வாரேன்னு சொல்லிட்டு வராட்டி, நிக்கிறவனுக்குக் கோவம் வரத்தான செய்யும்" என்றார். எங்களிடம் சொன்னது போல இல்லை. "அன்னைக்கு அருப்புக்கோட்டையிலருந்து வர்ற கடைசி பஸ்ஸு வரைக்கும் நின்னேன். அதுலயும் அவ இல்ல."

இரண்டு வருடத்தில் 'அவ' என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "நின்னது நீங்க மட்டுமாக்கும்? நான் எங்க நின்னேன்னு யாராவது கேட்டீகளா?"

அப்போது நான் பேசினேன் அக்கா. இங்கிலீஷ் பேசியதைவிட இதற்குத்தான் எனக்குத் தைரியம் அதிகம் தேவைப்பட்டது. தமிழில்தான் சொன்னேன்.

"அக்கா வாரேன்னுதான் சொல்லிட்டுப் போச்சு. வரக் கூடாதுன்னு சொன்னது நீங்கதாம்ப்பா. ஆவணியில அதுக்கு ஏழாம் மாசம். வரலாமான்னு கேக்குது."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். வெகு நேரம் தொட்டியிலிருந்து டேங்கருக்குத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நான் சாப்பிடவில்லை, தூங்கவும் இல்லை. இன்று காலை பல் விளக்கிக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஆவணியில எந்தத் தேதி தோதுப்படும்னு உங்கக்காகிட்டக் கேட்டு எழுது."

"எழுதுறதா? எப்படிப்பா?"

"எப்படியா? மாரிக்கனிக்குக் கோயம்புத்தூருல யாருத்தா இருக்கா, மாசா மாசம் லெட்டர் போட? தபால்காரன் முனீஸ்வரன் எங்கூட ஒண்ணாப்புப் படிச்சவன். முத லெட்டர் வந்த அன்னைக்கே சொல்லிட்டான்."

எல்லாம் தெரிந்தேதான் குறட்டை விட்டிருக்கிறார் அக்கா! நான் எழுதி முடிக்கட்டும் என்று குறட்டை விட்டாரோ என்றுகூட இப்போது சந்தேகமாக இருக்கிறது.

உடனே எழுது. எந்தத் தேதி?

தங்கமாரி


கோயம்புத்தூர்
8 ஆகஸ்ட் 2025

என் தங்கமே,

மச்சானைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். பிறகு நான் படித்தேன். பிறகு மறுபடியும் அவர் படித்தார். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஆவணி இரண்டாவது ஞாயிறு தோதுப்படும். சனிக்கிழமையே வந்துவிடுகிறோம். டாக்டரும் பயணம் செய்யலாம் என்று சொல்லிவிட்டார்.

இன்னொன்று. என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். ப்ரியா மேடம், "யாரிடம் டியூஷன் போனாய்?" என்று கேட்டார். பதினொன்றாம் வகுப்பு படிக்கிற ஒரு பெரிய டீச்சர் என்றேன். நம்பவில்லை.

ஆனால் தங்கம், உள்ளுக்குள் உதறுகிறது. பஸ்ஸை விட்டு இறங்கி அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? மன்னிப்புக் கேட்க வேண்டுமா? காலில் விழ வேண்டுமா? குனிய முடியாதே. மச்சான் என்ன சொல்ல வேண்டும்? நீதான் எல்லாருக்கும் சரியான சொல் எடுத்துக் கொடுப்பவள். எனக்கும் ஒன்று எடுத்துக் கொடு.

அமுதவள்ளி


திருச்சுழி
13 ஆகஸ்ட் 2025

அக்கா,

பட்டப்பகலில், கூடத்து நடுவில், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் கடிதம் நம் வீட்டு முகவரிக்கே வந்தது. முனீஸ்வரன் மாமா வாசலில் நின்று, "மாரிக்கனிக்கு இனிமே லெட்டர் வராதாம்மா?" என்று ஊருக்கே கேட்கும்படி சத்தம் போட்டார். மாரிக்கனிக்கும் வருத்தம்தான். உன் கையெழுத்தைக் கிண்டல் பண்ண முடியாது என்கிறாள்.

அம்மா கண்ணாடி வளையல் வாங்க அருப்புக்கோட்டை போயிருக்கிறாள். உன் கை அளவுக்கு, ஒளித்து வைத்திருந்த உன் பழைய வளையல் ஒன்றை எடுத்துப் போயிருக்கிறாள். இப்போது கை வீங்கியிருக்கும், ஒரு சுற்றுப் பெரிதாக வாங்கு என்று பஸ் ஏறும் வரை சொல்லிக்கொண்டிருந்தவர் அப்பா. ஜெப ஷீலா மதினி ஜெபம் பண்ணினால் பண்ணட்டும், கேக்கும் கொண்டு வரட்டும் என்று அம்மா சொல்லச் சொன்னாள். அவர்கள் எல்லாரையும் அழைத்துக்கொண்டு வா.

அப்பா தினமும் ராத்திரி என்னிடம் ஒரு வாக்கியம் படிக்கிறார். திண்டாட்டம் எனக்குத்தான். "சைட்டுல இருக்கேன்னு சொல்றதுக்கு ஆணியா, பலகையா?" என்று கேட்டுச் சண்டை போடுகிறார். பலகை என்றால், "நான் பலகை மேலயா நிக்கேன்?" என்கிறார். 'ப்ரோக் டவுன்' நன்றாக வருகிறது. ஆனால் சூப்பர்வைசரிடம் கிளம்பும்போது இன்னும் 'ஐ கோ அண்ட் கம்'தான். திருத்தப் பார்த்தேன். "அவனுக்குத்தான் இப்பப் புரியுதுல்ல, விடு" என்றார். விட்டுவிட்டேன். ஒடிசாக்காரரும் பதிலுக்கு 'கோ அண்ட் கம்' என்கிறாராம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். மச்சான் ஒன்றும் சொல்ல வேண்டாம். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தால் போதும். நீயும் மன்னிப்பு என்றெல்லாம் எதையும் மனப்பாடம் செய்துகொண்டு வராதே.

சனிக்கிழமை அப்பா பஸ் ஸ்டாப்பில் நிற்பார். அன்றைக்கு நின்ற அதே புளியமரத்தடியில். உன்னைப் பார்த்ததும் என்ன சொல்வது என்று அவருக்கும் உதறல்தான். நேற்றுக் கொல்லையில் டேங்கரைக் கழுவிக்கொண்டே தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டேன். ஒரே வாக்கியம்தான். நல்ல தமிழ். நான் திருத்த அதில் ஒன்றுமே இல்லை.

"என்ன தாயி, பஸ்ஸு லேட்டா?"

ஆமாப்பா என்று மட்டும் சொல்.

தங்கமாரி